இற்செறிப்பு

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் மடிக்கணினியில் கேமரா இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் வரிசையிலிருந்து எடுத்த பொட்டுதான். பெரும்பாலும் மெரூன், சிலரிடம் கறுப்பு. இதை யாரும் அவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. 2016இல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு படத்தில், பின்னால் இருந்த மடிக்கணினியின் கேமராவில் டேப் ஒட்டியிருந்ததை யாரோ கவனித்துச் சொல்ல, அது உலகச் செய்தியானது. தளவானூரில் அது செய்தியாகியிருக்காது. கதவு இடுக்கில் துணி அடைப்பதும், ஜன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டுவதும், துணிக்கடை உடை மாற்றும் அறையில் நாலு மூலையையும் அண்ணாந்து பார்ப்பதும் எங்களுக்குப் பழகிய வேலைகள். அந்த வரிசையில் பொட்டும் ஒன்று.

பொட்டு ஒட்டுவதை நான் கேலி செய்யவில்லை. மென்பொருள் எதுவும் ஒரு ஒட்டுத்தாளைத் தாண்டிப் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பொட்டுக்குப் பின்னால் இருக்கிற பயத்துக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் என் கேள்வி. கணினியே ஒருநாள் 'உங்கள் கேமராவை யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்று எச்சரித்தால், அதைப் படிப்பவர் யார், அது உண்மையா பொய்யா என்று சொல்பவர் யார், அதன் பிறகு அந்தக் கணினி யார் கைக்குப் போகிறது?

என் வகுப்பில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி, எங்கள் ஊர்க்காரி, போன வருஷம் தொடர்ந்து ஆறு நாள் கல்லூரிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஏழாம் நாள் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் துறை வாசலில் நின்றுகொண்டு, "மேடம், அவளுக்குக் காய்ச்சல் இல்ல. கம்ப்யூட்டர்ல ஏதோ வந்துச்சாம். அவங்க அண்ணன் எடுத்துப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாராம். இனிமே படிப்பே வேணாம்னு வீட்ல பேசிக்கிறாங்க" என்றாள்.

சங்க அகப்பாடல்களை நடத்தும்போது நான் ஒவ்வொரு வருஷமும் விளக்குகிற சொல் இது: இற்செறிப்பு. தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டு வெளியே இருந்த பெண்ணை, ஊர் பேச ஆரம்பித்ததும் வீட்டுக்குள் நிறுத்திவைப்பது. ஊர்ப் பேச்சுக்கும் இரண்டு படிகள் உண்டு. சிலர் மட்டும் குசுகுசுவென்று பேசிக்கொள்ளும் நிலை அம்பல். எல்லோரும் அறியப் பேசும் நிலை அலர். பேசுவது ஊர். செறிக்கப்படுவது பெண். கவிதையில் இதைப் பாடமாக நடத்துவது எளிது. நான் அந்த வீட்டுக்குப் போனபோது அம்பல் என்ற நிலைகூட வந்திருக்கவில்லை. ஒரு கணினித் திரை மட்டும்தான் பேசியிருந்தது. அதற்கே இற்செறிப்பு நடந்து முடிந்துவிட்டது.

அது அவளுடைய அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு முதல்முறையாகக் கணினி வந்தது. எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் பெண்ணின் பெயரில் வந்த முதல் பொருளே அதுதான். அக்காவுக்குக் கல்யாணமானதும் தங்கைக்கு வந்தது. பழுதானபோது செஞ்சியில் ஒரு கடையில் கொடுத்து, புதிதாக விண்டோஸ் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

மடிக்கணினியைப் பீரோவிலிருந்து எடுக்கவைக்கவே ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அவளுடைய அம்மா நூறு நாள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "டீச்சர், நீங்களே பாருங்க. என்னான்னு எங்களுக்குத் தெரியல. பொண்ணு ராத்திரியெல்லாம் அழுவுது" என்றார். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து முகம் கொடுக்காமல் இருந்தான். அவளும் நானும் நடையில் பாய் போட்டு உட்கார்ந்து, வந்த எச்சரிக்கைகளை ஒன்றொன்றாகப் பார்த்தோம். மொத்தம் நான்கு. நான்கும் ஒரே வாரத்தில் வந்ததால் அவளுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு சங்கதிகள். அதைப் பிரித்துப் பார்த்ததுதான் நாங்கள் செய்த முக்கியமான வேலை.

முதலாவது, திரை முழுக்க விரிந்த சிவப்புப் பக்கம். 'உங்கள் கேமரா ஹேக் செய்யப்பட்டது, கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுத்தும் சைரன் சத்தமும். அவள் போனில் அதைப் படம் எடுத்து வைத்திருந்தாள். இது முழுப் பொய். ஏதோ ஒரு விளம்பரத்தின் வழியாகத் திறந்த வெறும் இணையப் பக்கம். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. மைக்ரோசாஃப்ட்டே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த எண்ணை அழைத்தால் எதிரே இருப்பவர் கணினியைச் சரிசெய்வதாகச் சொல்லி, நம் கையாலேயே கதவைத் திறக்கவைத்து, பணமும் கேட்பார். அந்தப் பக்கம் மூடவில்லை என்றால் எஸ்கேப் விசையை அழுத்திப் பிடிக்கலாம். அல்லது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் பிரவுசரைத் தேர்ந்து நிறுத்திவிடலாம். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை.

இரண்டாவது, மின்னஞ்சலில் வந்த மிரட்டல். 'உன் கேமராவில் உன்னைப் படம் எடுத்துவிட்டேன். உன் பாஸ்வேர்ட் இதுதானே? பிட்காயினில் பணம் அனுப்பு, இல்லையென்றால் உனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவேன்.' அவளை உலுக்கியது இதுதான், ஏனென்றால் அந்தப் பாஸ்வேர்ட் உண்மை. பள்ளி நாட்களில் அவள் வைத்திருந்தது. 2018இலிருந்து உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு இதே அச்சில் வார்த்த கடிதம் போயிருக்கிறது. பாஸ்வேர்ட் வந்த வழி கேமரா அல்ல. எப்போதோ ஏதோ ஒரு இணையதளத்தின் தகவல் கிடங்கு திருடுபோயிருக்கும். அந்தப் பட்டியல்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். நம் மின்னஞ்சல் அப்படிக் கசிந்த பட்டியல் எதிலாவது இருக்கிறதா என்று பார்க்க, ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவசத் தளம் இருக்கிறது. அவள் முகவரியைப் போட்டுப் பார்த்தோம். கசிந்திருந்தது. கடிதத்தில் ஒரு படம்கூட இணைக்கப்படவில்லை என்பதை அப்போதுதான் அவளால் கவனிக்க முடிந்தது. "படம் இருந்தா ஒண்ணாச்சும் காட்டியிருப்பான்ல மேடம்" என்று அவளே சொன்னாள். பதில் எழுதவோ பணம் அனுப்பவோ கூடாது. கடிதத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அந்தப் பாஸ்வேர்டை வேறெங்கே பயன்படுத்தியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, அவ்வப்போது திரையின் மூலையில் எழும் சின்ன அறிவிப்பு. பிரவுசர் உங்கள் கேமராவைப் பயன்படுத்துகிறது என்று வைரஸ் தடுப்பு மென்பொருள் சொல்கிறது. கேமராவின் பக்கத்தில் குட்டி விளக்கும் எரிந்திருக்கிறது. இது உண்மையான எச்சரிக்கை. ஆனால் விஷயம் அச்சப்படும்படியானது இல்லை. போட்டித் தேர்வுக்கான மாதிரித் தேர்வு எழுத ஒரு தளத்தில் சேர்ந்திருந்தாள். தேர்வு எழுதுபவரைக் கண்காணிக்க அது கேமரா கேட்டிருக்கிறது. ஒருமுறை 'எப்போதும் அனுமதி' கொடுத்ததால், தளத்தைத் திறக்கும்போதெல்லாம் கேமராவும் திறந்திருக்கிறது. பிரவுசரில் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தைத் தொட்டால் அந்தத் தளத்துக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும். கேமராவை 'கேட்ட பிறகே' என்று மாற்றினோம். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதிக்குள்ளும் கேமராவுக்குத் தனிப் பக்கம் உண்டு. எந்தச் செயலி கடைசியாக எப்போது கேமராவைத் திறந்தது என்பதை அங்கே தேதியோடு பார்க்கலாம். அவளுடைய தேர்வு நாட்களும் அந்தத் தேதிகளும் பொருந்தின.

விளக்கை மட்டுமே நம்பியும் இருந்துவிட முடியாது. 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆப்பிளின் சில பழைய மடிக்கணினிகளில் விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். எனவே பொட்டு இருக்கட்டும். தேர்வுக்கு எடுப்போம், முடிந்ததும் ஒட்டுவோம் என்று பேசிக்கொண்டோம்.

நான்காவதைத்தான் அவள் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. திரையின் கீழே வலது மூலையில், யாரோ பெயர் தெரியாத ஒரு சின்னம். கண்ட்ரோல் பேனலில் இருந்த மென்பொருள் பட்டியலை, நிறுவிய தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தோம். தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் மென்பொருள் ஒன்று இருந்தது. செஞ்சிக் கடையில் விண்டோஸ் போட்ட அதே தேதி. நாம் அனுமதிக்காமலே, ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு உள்ளே வரும்படி அதை அமைத்திருந்தார்கள். அப்படி வருபவரால் கோப்புகளைத் திறக்க முடியும். கேமராச் செயலியையும் திறக்க முடியும். அலறிக்கொண்டு வந்த சிவப்புப் பக்கம் பொய். சத்தமே போடாமல் மூலையில் உட்கார்ந்திருந்த இதுதான் மெய்யான கதவு.

உடனே அழிக்கவில்லை. முதலில் இணையத்தைத் துண்டித்தோம். பட்டியலையும் தேதியையும் மென்பொருளின் அமைப்பையும் போனில் படம் எடுத்தோம். பிறகு நீக்கினோம். விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. கணினி முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே தேடும். அதை ஓட்டினோம். மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றுக்கும் என் போனிலிருந்து பாஸ்வேர்ட் மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினோம். சந்தேகப்படும் கணினியிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் போய்விடலாம்.

மறுநாள் அவளும் அவள் அம்மாவும் நானும் செஞ்சிக்குப் பஸ் ஏறினோம். கடைக்காரர் மறைக்கவில்லை. "சர்வீஸுக்காகத்தான் மேடம். ஒவ்வொரு தடவையும் இங்க தூக்கிக்கினு வர வேணாம்னுதான். எல்லாருக்கும் போட்டுத்தான் குடுக்கறோம்" என்றார். அவர் எதையாவது பார்த்தாரா என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. ஆனால் 'எல்லாருக்கும்' என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பாதி, பெண்பிள்ளைகளுடையவை. கேட்காமல் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் கொத்தனாரை நாம் ஒத்துக்கொள்வோமா என்று கேட்டேன். அவளுடைய அம்மா அதற்குள், "அப்ப எல்லார் வூட்டுக்கும் போன் போட்டு எடுத்துடுங்க. நான் வெளிய நிக்கறேன்" என்றார். எழுத்தறியாத அந்த அம்மாவுக்குச் சம்மதம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

'நல்ல எண்ணத்தில்தான் வைத்தோம்' என்ற வாதம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. தொலைந்தால் கண்டுபிடிக்க என்று வைத்த மென்பொருள், பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது கேமராவிலும் திரையிலும் 50,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்துச் சேர்த்திருந்தது 2010இல் வெளிவந்தது. 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். 2013இல் மிஸ் டீன் யுஎஸ்ஏ பட்டம் பெற்ற காசிடி வுல்ஃபின் கேமராவுக்குள் புகுந்து படம் எடுத்து மிரட்டியவன், அவர் படித்த அதே பள்ளியில் படித்தவன். அவர் ஒளியாமல் வெளியே பேசினார். அவனுக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நாம் கற்பனை செய்துகொள்ளும் முகமூடி அணிந்த அந்நியன் மட்டும் ஆபத்தில்லை. பள்ளித் தோழன், பழுது பார்ப்பவர், பாஸ்வேர்ட் தெரிந்த கணவன் என்று பெரும்பாலும் நமக்குத் தெரிந்த கைகளைத்தான் முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்க் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் இருக்கிறது. முகப்பின் இரு முனையிலும் வாயிற்காவலர் வெளியே பார்த்து நிற்கிறார்கள். வருகிறவனை எடைபோடுவது அவர்கள் வேலை. எங்கள் வீடுகளில் காவல் உள்ளே பார்த்துத் திரும்பி நிற்கிறது. திருடன் வந்ததாகச் செய்தி வந்தால் அவன் வந்த வழியைத் தேடுவதில்லை. பெண்ணின் கையிலிருப்பதைப் பிடுங்குகிறது. அன்று அண்ணனிடம் நான் இதைத்தான் வேறு சொற்களில் சொன்னேன். "நீ பூட்டி வச்சது கம்ப்யூட்டரை இல்ல தம்பி. அந்த மென்பொருள் பீரோவுக்குள்ளயும் அப்படியேதான் இருந்துச்சு. அவளைத்தான் பூட்டி வச்ச." அவன் பதில் சொல்லவில்லை. சாவியைத் தங்கையிடம் கொடுத்தான்.

பூட்டுவது பாதுகாப்பு இல்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே கசப்பான சான்று இருக்கிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் காவல் நிலையத்துக்குப் போனது. நாட்கள் கடந்தன. அந்தப் பெண் உயிரை விட்டார். வீட்டிலேயே தன்னை நம்பவில்லை என்ற வேதனையைக் கடைசியாக எழுதிவைத்திருந்தார். போலிப் படம் செய்த கொடுமையை, நம்பாமை முடித்துவைத்தது. 2019இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமையில் வீடியோவைக் காட்டித்தான் பெண்களை அடக்கினார்கள். புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் காவல்துறை வழியாகவே வெளியே வந்தது. அப்படியும் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தத் தீர்ப்பை எழுதவைத்தது, பேசிய பெண்களின் வாய்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறை. மறைந்திருந்து பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குள் வந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77ஆம் பிரிவு. படம் எடுக்க அவள் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியவர் குற்றவாளி என்று அந்தப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 'நீ ஏன் எடுக்கவிட்டாய்' என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் இந்த வரியைச் சொல்ல வேண்டும். தந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற உதவி எண்ணும், மத்திய அரசின் புகார்த் தளமும் இருக்கின்றன. பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

ஆனால் சட்டத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அகப்பாடல் மரபில் இற்செறிப்புக்கு எதிராக ஒரு துறை உண்டு. அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் சொல்வார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னே சொன்னவளை நம்பி, அந்த உண்மையைத் தன் வாயால் அடுத்த ஆளிடம் கொண்டுபோகிறாள். காதலுக்காக வகுத்த துறைதான். ஆனால் என் மாணவி விஷயத்தில் நடந்ததும் இதே வரிசை. அவள் தோழியிடம் சொன்னாள், தோழி என்னிடம், நான் அம்மாவிடம், அம்மா அப்பாவிடம். நடுவில் ஒருத்தி 'உன்மேல என்ன தப்போ' என்று கேட்டிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். கணினியைப் பழுது பார்க்க ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. அந்தச் சங்கிலி அறுகாமல் இருந்ததால்தான் அந்தச் சாயங்காலமே எங்களுக்குக் கிடைத்தது.

இந்தக் கல்வியாண்டின் முதல் வாரத்தில், அறத்தொடு நிற்றல் நடத்தி முடித்ததும், வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தேன். 'நாளைக்கு உன் படத்தை வைத்து ஒருவன் மிரட்டினால் முதலில் யாரிடம் சொல்வாய்? ஒரு பெயர் மட்டும் எழுது. உன் பெயர் வேண்டாம்.' 42 சீட்டுகள் வந்தன. அம்மா, அக்கா, சித்தி, தோழியின் பெயர்கள். ஒன்றில் 'எங்க ஆயா' என்று இருந்தது. இரண்டில் அண்ணன். பதினொரு சீட்டுகளில் ஒன்றும் எழுதப்படவில்லை.

அந்தப் பதினொன்று யாருடையவை என்று நான் தேடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மூன்றரை மணிக்கு மேல் துறை நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் கரும்பலகையில் எழுதினேன். மடிக்கணினியோடு வரலாம், சும்மாவும் வரலாம். இப்போது அந்த மேஜையில் என்னோடு அவளும் உட்காருகிறாள். வருகிறவர்களுக்கு மென்பொருள் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கச் சொல்லித்தருவது அவள்தான். போன வாரம் வந்தவள் கணினி கொண்டுவரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்னா ஆச்சுன்னு மொதல்ல சொல்லு" என்று அவளிடம் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தி வரச் சொல்லி என்னைப் பார்த்தாள்.